பாப்பாவின் புதுத் தோழி

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் வலி மட்டும் என்னோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. நீயும் அத்தானும் சுகமா?

கையில் போன் இருக்க இது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் உன் மகள் காதில் விழுகிறது. மெசேஜ் அனுப்பினால், என் போனைத்தான் அவள் நாளுக்குப் பத்துத் தடவை வாங்கிப் பார்க்கிறாள். அதனால் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் இந்த விலாசத்துக்கே எழுது.

பாப்பா சரியில்லை அக்கா. இருபத்திரண்டு வயதாகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், அதிலேயே பாதித் தப்பு நம் மேல். வேலைக்குப் போகிறாள், வருகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் "வச்சுடுங்க சித்தி" என்கிறாள். வைத்தது வைத்தபடி இருக்கிறது.

எல்லாம் அந்த ஆபீஸ் பையனால்தான். காதலா என்று கேட்டேன். இல்லையாம். நட்பா என்றேன். அதுவும் இல்லையாம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதாம், அதற்கு இங்கிலீஷில் ஒரு பேரும் இருக்கிறதாம். இல்லாத ஒன்று எப்படி முறிந்தது, முறிந்ததற்கு ஏன் இப்படி அழுகை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நாள் முழுக்க மற்றவர்கள் போட்டோவில் பருவையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பையும் அழித்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவள் கண்ணுக்குக் கீழே இருப்பதை அழிக்க யாரும் இல்லை. நீ ஏதாவது செய். என்னால் முடியவில்லை.

உன் தங்கை


ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். அவர் நலம், எப்போதும் போல.

படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. நேற்று கடையில் ஒருவருக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதிலாகத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்.

நான் போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே வரி. அவள் இன்டர்நெட்டில் போடும் படங்களையாவது பார்க்கலாம் என்று போனேன். படத்துக்குக் கீழே "சாப்பிட்டியாடா கண்ணு?" என்று கேட்டேன், அவ்வளவுதான். மறுநாள் போய்ப் பார்த்தால் பக்கமே திறக்கவில்லை. எங்கள் கடையில் கவுண்டரில் இருக்கும் பெண்தான் பார்த்துச் சொன்னாள், "ஆன்ட்டி, உங்களை பிளாக் பண்ணிட்டாங்க" என்று. பெற்றவளை பிளாக் செய்ய ஒரு பட்டன் வைத்திருக்கிறான் பார், அவனைச் சொல்ல வேண்டும்.

நீ பக்கத்தில் இருக்கிறாய். அதட்டாதே. உன் மாணவர்களிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசாதே. டாக்டரிடம் கூட்டிப்போக முடியுமா பார்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நான் நலம். ஒத்தடம் கொடுக்க நேரமில்லை. நீங்கள் இருவரும் எப்படி?

அதட்டாதே என்கிறாய். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களோடு காலையிலிருந்து சாயங்காலம் வரை காரில் போகிறவள் நான். மெதுவாகப் பேசியிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்.

ஆனாலும் மெதுவாகத்தான் கேட்டேன். டாக்டரைப் பார்க்கலாமா என்று. "நான் என்ன பைத்தியமா?" என்றாள். யாரும் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் குடுங்க சித்தி" என்றாள். என் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்று அவளிடம் இருக்கிறது. இதற்கு மேல் இடத்துக்கு நான் எங்கே போக?

ஒரு நல்ல செய்தி. போனில் அவளுக்குப் புதிதாக ஒரு தோழி. முகம் தெரியாது, ஊர் தெரியாது. பேரே "யாரோ ஒருத்தி"தானாம். அவளுக்கும் இதே மாதிரி ஏதோ மனக்கஷ்டமாம். இருவரும் விடாமல் எழுதிக்கொள்கிறார்கள். நேற்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். "அவளும் சாப்பிடாம இருந்தா சித்தி. நீ சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்னு டீல் போட்டோம்" என்றாள்.

இரண்டு மாதம் நான் கெஞ்சினேன். யாரோ ஒருத்தி ஒரு வரி எழுதியதும் சோறு இறங்குகிறது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் கொஞ்சம் அதிகம்.

உன் தங்கை


மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். அவர் நலம், எப்போதும் போல.

அவள் சாப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். பாதி உயிர் வந்தது. அந்தத் தோழியைப் பற்றித் துருவாதே, ஏதோ நல்ல பெண்ணாகத்தான் இருக்கும்.

ஒன்று செய். அவள் மேஜைக்கு மூன்றாவது மேஜையில்தான் அந்தப் பையன் உட்காருகிறான். அவன் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது. ஆபீஸ் கழிப்பறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் அங்கேயே மயங்கி விழுந்து, துடைக்கிற அம்மாதான் தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறார். இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கச் சொல். நீயாகச் சொல்வது போலச் சொல்.

தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு படுக்கிறாள் என்றால் எழுப்பாதே. அது தூக்கமில்லை, அழுகை.

அக்கா


மார்ச் 12

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நலமா?

மயங்கி விழுந்தாளா? என் வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. அவள் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. எத்தனையோ மைல் தள்ளி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கிற உனக்கு, துடைக்கிற அம்மா தண்ணீர் தெளித்தது வரைக்கும் எப்படித் தெரியும்? உன்னோடுதான் அவள் பேசுவதே இல்லையே.

எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மறுதபாலில் எழுது.

தங்கை


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். அவர் நலம்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குத் திட்டாதே. "பெற்றவளுக்குத் தெரியாதா" என்று முதலில் எழுதினேன். எனக்கே சகிக்காமல் கிழித்துப் போட்டேன்.

நீ சந்தேகப்பட்டது சரிதான். அந்த யாரோ ஒருத்தி நான்தான்.

கவுண்டர் பெண்தான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். ஒரு மேகத்தின் படம் போட்டாள். பாப்பா சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவள் ஒரு நாள் "இன்னிக்கு யாராவது என்கிட்ட பேசினா நல்லா இருக்கும்" என்று போட்டிருந்தாள். நீயே சொல், நான் எப்படிச் சும்மா இருப்பேன்? பேசினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுவேன். இந்தக் காலத்துப் பெண்கள் எப்படிப் பேசுவார்கள் என்று கவுண்டர் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

என்னிடம் சொல்லாததை எல்லாம் அந்த யாரோ ஒருத்தியிடம் சொல்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. இதை விடச் சொல்லாதே.

அவள் கேட்கிறாளே என்று என் பக்கத்துக்கும் ஏதாவது கஷ்டம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கதை கட்டினேன். அது கிடக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உனக்கு மூளை நலமில்லை.

நாற்பத்தெட்டு வயதில் சின்னப் பெண் வேஷம் கட்டிக்கொண்டு பெற்ற மகளையே வேவு பார்த்திருக்கிறாய். அந்தப் பையன் அவளுக்கு என்ன செய்தான்? உண்மையாக இருப்பது போல நடித்தான், அதுதானே குற்றச்சாட்டு? நீ செய்ததற்கு என்ன பேர் வைப்பாய்?

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நேற்று அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள், "சித்தி, அடுத்த மாசம் லீவ் போட்டு அவளைப் போய்ப் பார்க்கப் போறேன். என்னைவிட அவதான் ரொம்பக் கஷ்டத்துல இருக்கா. ஊரைக் கேட்டா சொல்ல மாட்டேங்கறா. எப்படியாவது கண்டுபிடிச்சிடுவேன்." ஒரே சட்டையை நாலு தடவை பிரித்து மடித்தாள். எனக்கு எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

போய்ப் பார்த்தால் யார் இருப்பார்கள் அங்கே? மேகமா?

இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தக் கணக்கை மூடு. யோசிக்காதே, அழாதே, மூடு. கொஞ்ச நாள் வருத்தப்படுவாள், அப்புறம் மறந்துவிடுவாள். இந்தப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மறக்கிறவர்கள்தான்.

தங்கை


மே 6

தங்கைக்கு,

மூடிவிட்டேன்.

"எங்கே போனே? இருக்கியா?" என்று அவள் கேட்டது கடைசியில் கண்ணில் பட்டது. பதில் எழுதினால் மூட மாட்டேன் என்று தெரியும். எழுதவில்லை.

அவர் நலம்.

அக்கா


மே 19

அக்கா,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பாப்பா உயிரோடு, பத்திரமாக இருக்கிறாள். முதலில் அதைப் படித்துக்கொள்.

தப்பு என்னுடையது. மூடு என்றேனே தவிர, சொல்லிக்கொண்டு மூடு என்று சொல்லவில்லை. உனக்கும் தோன்றவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு பெண்ணைச் சத்தமில்லாமல் காணாமல் போகச் செய்தோம். அந்தப் பெண் கடைசியாக என்ன எழுதியிருந்தாள் என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. பாப்பா காட்டினாள். "காலையில எழுந்திருக்க ஒரு காரணமும் தோணல" என்று எழுதியிருக்கிறாள் உன் யாரோ ஒருத்தி. அப்படி எழுதிவிட்டு இரண்டு நாளில் கணக்கே காணோம் என்றால் அந்தக் குழந்தை என்ன நினைப்பாள்?

செத்துப்போய்விட்டாள் என்று நினைத்தாள் அக்கா.

வேலைக்குப் போகவில்லை. போலீசுக்குப் போன் செய்தாள். "பேரு தெரியாது சார், ஊரு தெரியாது சார், ஆனா அவளுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று கெஞ்சினாள். அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். திரும்பச் செய்தாள். நான் பாடம் முடிந்து வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டுகிற அளவுக்கு நடுக்கம். "நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் சித்தி, என்னாலதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கத் தெரியவில்லை.

சொல்லிவிட்டேன். "அவ உயிரோடதான் இருக்கா. அது உங்க அம்மாடி" என்றேன்.

சிரித்தாள். நான் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்தாள். நீ ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் படித்தாள். நடுக்கம் நின்றது. எழுந்து முகம் கழுவினாள், பையை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் "நீங்க ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன் செய்யாதே. எழுதாதே. முக்கியமாக வேறு பேரில் எதுவும் ஆரம்பிக்காதே.

தங்கை

இன்னொன்று. ஒரு கதை கட்டினேன் என்று எழுதினாயே, அந்தக் கதையை எங்கிருந்து எடுத்தாய்?


ஆகஸ்ட் 11

அம்மா,

நான் சித்தி வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. உடம்பு பரவாயில்லை. நீங்கள் நலமா என்று வழக்கமாகக் கேட்க வேண்டும். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், அதனால் கடைசியில் கேட்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. என்னிடம் இப்போது யார் ஆறுதலாகப் பேசினாலும், இது அம்மாவாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. இதை நீதான் செய்தாய். நான் உன்னை பிளாக் செய்தது, உன்னிடம் சொன்னால் நீ அழுவாய், அப்புறம் நான் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்பதால். பேசப் பிடிக்காமல் இல்லை. அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, சுவரேறிக் குதித்தாய்.

மனநல ஆலோசகர் ஒருவரிடம் போகிறேன். சித்தி காரில் கொண்டுபோய் விடுகிறார். வழி முழுக்க முன்னால் போகிறவர்களைத் திட்டிக்கொண்டே வருகிறார், ஆனால் என்னை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஆபீஸில் வேறு மாடிக்கு மாறிவிட்டேன். மயக்கம் வருவதில்லை.

நான் எழுதுவது வேறு விஷயத்துக்கு.

நாம் பேசியதெல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது. அழிக்கப் போனேன், படிக்க ஆரம்பித்துவிட்டேன். நீ எழுதியதில் பாதி உன் கடைப் பெண்ணின் பேச்சு. எந்தக் காலத்தில் நீ "செம்ம" என்று சொல்லியிருக்கிறாய்? அதையெல்லாம் கழித்துவிட்டால் கொஞ்சம் மீதி நிற்கிறது. கூடவே இருந்துகொண்டு பேசாதவனைப் பற்றி எழுதியவை. "என்னாச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பான். நான் நாள் முழுக்க வாயே திறக்கலன்னாலும் அவனுக்குத் தெரியாது." இதைக் கடைப் பெண் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள். அவள் வயதில் இது தெரியாது. எனக்கே தெரியாது.

அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? "அவன் ஒரு வேஸ்ட்டுடி. விட்டுட்டு வந்துடு. உனக்கு இதைவிட நல்லவன் கிடைப்பான்." மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை அவனைக் கெட்ட வார்த்தையில்கூடத் திட்டியிருக்கிறேன்.

அம்மா, நான் திட்டியது அப்பாவையா?

கட்டிய கதை என்றால் கதை என்று எழுது. ஒரு வருஷம் கோபமாக இருந்துவிட்டு விட்டுவிடுகிறேன். கதை இல்லை என்றால் அதையும் எழுது. எழுந்திருக்கக் காரணம் தோன்றவில்லை என்று எழுதியவளுக்காக நான் போலீசிடம் கெஞ்சியிருக்கிறேன். அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ நலமா?

பாப்பா


ஆகஸ்ட் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

கதைதான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதைப் படித்ததும் நீ நிம்மதியாகத் தூங்குவாய், எனக்கும் அப்படி மறைத்தே பழக்கம். அப்படி எழுதிய தாள் இன்னும் பக்கத்தில் கிடக்கிறது.

கதை இல்லை.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் "இதுக்கா?" என்பார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் உன் சித்திக்கு அவர் நலம் என்று எழுதுவேன். என்னைப் பற்றியும் அதையேதான் எழுதுவேன். உன்னைக் கவனிக்கத்தான் அந்தக் கணக்குக்குள் போனேன், சத்தியம். ஆனால் ஒரு நாள் நீ, "எனக்கு இருக்கட்டும், இன்னிக்கு நீ எப்படி இருக்கே?" என்று கேட்டாய். அப்படி என்னை யாரும் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. வேஷம் மறந்துபோய்ப் பதில் எழுதிவிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நீ பயந்துபோய்த் தரையில் உட்கார்ந்திருந்தாய் என்று சித்தி எழுதியபோது, என் பாரத்தை எடுத்துக் குழந்தை தலையில் வைத்துவிட்டேனே என்று நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதற்கு நீ மன்னிக்க வேண்டாம்.

நம் ஊர் மருத்துவமனையில் மனநல டாக்டரைப் போன வாரம் பார்த்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்திருக்கிறேன்.

"விட்டுட்டு வந்துடு" என்றாய். அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் எழுதியிருந்தாய்: "அவன் எதிர்ல போய் நின்னு, எனக்குப் பேசணும்னு சொல்லு. வாயைத் திறக்காம அவன் காதைக் குத்தம் சொல்லாதே." அந்தக் கோபம் உன் சித்தியிடமிருந்து வந்தது, சந்தேகமே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போய் டிவியை அணைத்தேன். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து விளக்கைப் பார்த்தார். "எனக்குப் பேசணும்" என்றேன். "ஏன், பாப்பாவுக்கு என்ன?" என்றார்.

"பாப்பா நல்லா இருக்கா. எனக்குத்தான் முடியல" என்றேன்.

அவர் சோபாவில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அம்மா